சாணைக்கல்லில் உடைத்த தேங்காய்

நான் பயந்தவன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எனக்கு முன்னால் ஊரே சொல்லியாகிவிட்டது. கேஸ் சிலிண்டர் மாற்றினால் திரும்பத் திரும்ப முகர்ந்து பார்ப்பேன். பஸ்ஸில் டிரைவர் கொட்டாவி விட்டால் எழுந்து போய் அவரிடம் பேச்சுக் கொடுப்பேன். அப்படிப்பட்டவன் பொழுதுபோக்காகக் கத்தி செய்கிறேன் என்றால் கேட்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். "கத்தி செய்யுத மனுசனுக்குக் கரப்பான்பூச்சின்னா பயமாம்" என்று என் மனைவி சொந்தக்காரர்கள் வீட்டிலெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அது உண்மையில்லை. கரப்பான்பூச்சிக்கு நான் பயப்படுவதில்லை. அது பறந்தால்தான் பயப்படுவேன்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை வெள்ளைத் துணியும் பஞ்சும் அட்டைப்பெட்டியும்தான். கையில் பட்டால் பட்டதே தெரியாத சாமான்கள். அதனால்தானோ என்னவோ, கத்தி செய்கிறவர்களின் வீடியோ ஒன்றை போனில் பார்த்த அன்றைக்கே மனது அதில் ஒட்டிக்கொண்டது. லாரிப் பட்டறையில் கழித்துப்போட்ட கமான் எஃகுப் பட்டைகளை வாங்கி வந்து, அறுத்து, அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, சாணை பிடித்து, புளியமரத்துக் கைப்பிடி போட்டு முடிக்க எனக்கு ஒரு கத்திக்கு மாதக்கணக்கில் ஆகும். விற்பதில்லை. அக்கா, தங்கை, அத்தை, சித்தி என்று வேண்டியவர்கள் வீட்டு அடுப்படிகளில் என் கத்திகள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கின்றன.

பயந்தவனுக்கு எதற்கு இந்த வேலை என்று என்னையே கேட்டிருக்கிறேன். எனக்குக் கிடைத்த பதில் இதுதான்: மற்ற இடங்களில் பயந்தால் கேலி செய்வார்கள். கத்தி வேலையில் பயப்படாதவனுக்குத்தான் விரல் போகும். இந்த ஒரு இடத்தில்தான் நான் கெட்டிக்காரன்.

அதிலும் நான் அதிகம் பயப்படுவது நெருப்புக்கோ கூர்மைக்கோ இல்லை. சாணைக்கல்லுக்கு. மேஜையில் போல்ட் போட்டு இறுக்கிய ஒரு மோட்டார், அதன் இரண்டு பக்கமும் தட்டு அளவில் இரண்டு கற்கள், ஒன்று சொரசொரப்பு, ஒன்று மழமழப்பு. சுவிட்சைப் போட்டால் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றும். பார்க்க அம்மிக்கல் மாதிரி திடமாகத்தான் இருக்கும். ஆனால் அது பொடித்த மணிகளைப் பசை சேர்த்து அழுத்திச் சுட்டது. பீங்கான் தட்டு எப்படியோ அப்படி. எங்கேயாவது இடிபட்டு உள்ளே மயிரிழை விரிசல் விட்டிருந்தால் வெளியில் தெரியாது. சுற்றும்போதுதான் தெரியும். துண்டு துண்டாகப் பிய்ந்து, முன்னால் உட்கார்ந்திருக்கிறவன் முகத்துக்கு வரும்.

கல் வந்த பெட்டிக்குள் ஒரு சீட்டு இருந்தது. அதில் போட்டிருந்தபடி, ஒவ்வொரு முறையும் ஓட்டுவதற்கு முன்னால் மரக்கைப்பிடியால் கல்லை லேசாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பேன். நல்ல கல் ணங்கென்று மணி மாதிரி ஒலிக்கும். விரிசல் விட்ட கல் டொக்கென்று செத்த சத்தம் போடும். ணங்கென்று கேட்ட பிறகும் சுவிட்சைப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்று, கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு, அதற்குப் பிறகுதான் முன்னால் போய் உட்காருவேன். பின்வாசலில் நின்று இதைப் பார்க்கும் என் மனைவி விட மாட்டாள்.

"மிஷினப் போடுதீயளா, இல்ல அதுக்குத் தீவாராதனை காட்டுதீயளா?"

 பதில் சொன்னால் அதற்கும் ஒன்று வைத்திருப்பாள்.

அந்த மிஷின் இருந்தது ராஜபாளையத்தில் இல்லை. நாங்கள் குடியிருப்பது மாடி வீடு. கீழே வீட்டுக்காரர் பேண்டேஜ் துணிச் சிப்பங்களை அடுக்கி வைத்திருக்கிறார். தீப்பொறி பறக்கிற வேலை இங்கே ஆகாது என்று அவர் சொன்னபோது நான் அவரை விட வேகமாகத் தலையாட்டினேன். அதனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மாமனார் வீட்டுப் பின்பக்கம் சும்மா கிடந்த தகரக் கதவு போட்ட ஷெட்டில் மிஷினை வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

மாமனார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். படிக்கட்டில் தொங்கியபடி டிக்கெட் கிழித்தவருக்குப் பயம் என்கிற சாமானே கிடையாது. பாம்பு வந்தால் வாலைப் பிடித்துத் தூக்கிப் போய் வாய்க்காலில் விட்டுவிட்டு வந்து சாப்பிட உட்காருவார். என் மேல் அவருக்கு மிகுந்த பிரியம். என் பயத்தின் மேல் கொஞ்சம் இரக்கம். நான் ஒதுங்கி நிற்பதைப் பார்த்து, "மாப்ளே, நா வேணா முன்னால நிக்கட்டா?" என்று நிஜமாகவே கேட்பார். அது கேலி இல்லை. உதவி செய்கிறாராம்.

போன ஆயுத பூஜைக்கு என் மனைவி முதல் நாளே அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கம்பெனியில் பூஜை முடிந்து, பொரிகடலையும் இனிப்பும் எல்லாருக்கும் கொடுத்து முடிக்க வேண்டியது என் பொறுப்பு என்பதால் நான் தங்கிவிட்டேன். வீடு வந்தபோது போனில் சார்ஜ் இல்லை. சொருகிவிட்டுப் படுத்தவன்தான். விஜயதசமி காலையில் டீயைப் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டு போனைத் திறந்தேன்.

மாமனார் நிறைய போட்டோ அனுப்பியிருந்தார். சரஸ்வதி படம், புத்தகங்கள், என் மாமியாரான அத்தையின் தையல் மிஷின், அரிவாள்மணை, மாமனாரின் பழைய கண்டக்டர் விசில், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். ஒரு தாம்பாளத்தில் வீட்டில் உள்ள மற்ற செல்போன்களையும் வரிசையாக வைத்துப் பொட்டு வைத்திருந்தார்கள். பார்த்துச் சிரித்தேன். அடுத்த படத்தில் என் சாணை மிஷின். மாலை போட்டு, இரண்டு கல்லிலும் சந்தனம் தடவி, பக்கத்துக்கு ஒரு மூடியாகத் தேங்காய். ஒரு கல் மட்டும் நனைந்து கறுத்திருந்தது. என்ன தண்ணீர் என்று யோசித்தபடியே கடைசியில் இருந்த குரல் பதிவைத் தட்டினேன்.

"மாப்ளே, ஒங்க மிஷினுக்கும் பூஜை போட்டாச்சு. தேங்காய ஒங்க கல்லுலயே அடிச்சு ஒடச்சேன், பாத்துக்கிடுங்க. ஒரே அடி, சரிபாதி! அம்புட்டு நல்ல சகுனம். நாளைக்குக் காலைல நல்ல நேரத்துல நானே ஓட்டி ஆரம்பிச்சு வச்சிருதேன். ஒரு கத்திய எடுத்து ரெண்டு இழுப்பு இழுத்துட்டாப் போதும்லா? நீங்க மெதுவாச் சாப்பாட்டுக்கு வாங்க. இந்தா, இந்த போனையும் சாமிகிட்ட வைக்கப் போறேன். ரைட்."

டீ என் கையிலேயே இருந்தது. படத்தை விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தேன். நனைந்த கல்லின் விளிம்பில் தேங்காய் நார் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. இரும்புக் கூடு மறைக்காத முன்பக்கம், நாம் கத்தியை வைக்கிற இடம், அங்கேதான் அடித்திருக்கிறார். பஸ் ஸ்டாண்டு பிள்ளையார் முன்னால் உள்ள கல்லில் தினமும் தேங்காய் உடைத்த கை. அந்தக் கையின் ஒரே அடி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

 நல்ல நேரம் எப்போது என்று காலண்டர்த் தாளைப் பார்த்தேன். தொடங்க அரைமணி கூட இல்லை.

மாமனாருக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. மனைவிக்குப் போட்டேன். அடித்தது. அத்தைக்குப் போட்டேன். அதுவும் அடித்தது. பிறகுதான் எனக்கு உறைத்தது. மூன்று போனும் சரஸ்வதிக்கு முன்னால் தாம்பாளத்தில் இருக்கின்றன. மறுபூஜை முடிகிற வரைக்கும் சாமிக்கு வைத்த சாமானைத் தொடக் கூடாது. அத்தை அந்த விஷயத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். என் பெயர் அந்தச் சின்னத் திரைகளில் குங்குமப் பொட்டுக்கு அடியில் மின்னிக்கொண்டிருக்கும். "யாரு, மாப்ளயா? பொறவு பேசிக்கிடலாம்" என்று சொல்லிவிட்டு அத்தை சுண்டல் தாளித்துக்கொண்டிருப்பார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பக்கத்து வீட்டுக்காரர் நம்பர் ஒன்றைக் கூட வாங்கி வைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் பயப்படுகிற மடையன் இதற்குப் பயப்படவில்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தேன்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை ரோடு எப்படி இருக்கும் என்று வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு கடை வாசலிலும், ஒவ்வொரு மில் கேட்டிலும், ஒவ்வொரு பட்டறை முன்னாலும் குங்குமம் கொட்டி உடைத்த பூசணிக்காய். சதையும் விதையும் சிவப்புத் தண்ணீருமாக ரோடு முழுவதும் சிதறிக் கிடக்கும். மற்ற வருஷங்களில் நான் அன்றைக்கு வண்டியையே தொட மாட்டேன். அன்றைக்கு அந்தச் சிவப்பைப் பார்க்கப் பார்க்க என் மனது பூசணிக்காயைப் பார்க்கவில்லை. மாமனாரின் முகத்தைத்தான் பார்த்தது. நெற்றி நிறைய விபூதி, நடுவில் வட்டமாகக் குங்குமம். கண்ணாடி போடுங்கள் என்றால் "எனக்குப் பார்வை நல்லாத்தான இருக்கு" என்பார். வேலைக்குப் போடுகிற கண்ணாடியைப் படிப்பதற்குப் போடுவது என்று அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு மில் வாசலில் பின்சக்கரம் வழுக்கியது. வண்டி ஒரு பக்கம் போனது, நான் காலை ஊன்றி எப்படியோ நிமிர்த்தினேன். செருப்பு நிறையப் பூசணி விதை. வாட்ச்மேன், "மெதுவாப் போங்கண்ணே, எங்க ஓடிரப் போகுது?" என்றார். ஓடப்போகிறதே ஐயா, ஒரு கல் ஓடப்போகிறதே என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

எனக்குள் ஒரு கேவலமான எண்ணமும் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கல் ஒன்றும் ஆகாமல் ஓடிவிட்டால்? நான் மூச்சு வாங்கப் போய் நிற்கிற நேரத்தில் மாமனார் சிரித்த முகத்தோடு கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தால்? என் மனைவிக்கு அடுத்த தீபாவளி வரைக்கும் சிரிக்க விஷயம் கிடைத்துவிடும். அப்படியே ஆகட்டும், ஆயுசு முழுவதும் சிரிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். எந்தச் சாமியிடம் என்று நினைவில்லை.

புரட்டாசி சனிக்கிழமை வேறு. ஸ்ரீவில்லிபுத்தூரை நெருங்க நெருங்க, ஊருக்குப் பக்கத்தில் திருவண்ணாமலை என்கிற குன்றின் மேல் இருக்கிற பெருமாளைப் பார்க்கப் போகிற கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டது. வேன்கள், ஆட்டோக்கள், மஞ்சள் சேலையில் நடந்து போகிறவர்கள். ஹாரனை அழுத்தியபடி போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பஸ்ஸை வலது பக்கமாக முந்தினேன். எதிரே ஒரு வேன் வந்தது. ரோட்டுப் பயம் எனக்குள் எங்கே போய் ஒளிந்துகொண்டதோ, தேடினாலும் கிடைக்கவில்லை. அந்தக் கல்லின் பயம் மட்டும் உடம்பு முழுவதையும் எடுத்துக்கொண்டிருந்தது.

தெரு முனையில் வண்டியை அணைத்துவிட்டு உற்றுக் கேட்டேன். மிஷின் ஓடினால் அந்த இரைச்சல் அங்கே வரைக்கும் வரும். கேட்கவில்லை. இன்னும் ஓட்டவில்லையா, ஓட்டி முடித்தாகிவிட்டதா, இல்லை... கால்கள் தன்பாட்டில் ஓடின.

வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தைதான் முதலில் பார்த்தார்.

"நல்லவேளை, மாப்ள வந்துட்டாவ! இந்தக் கரண்டச் செத்தப் பாருங்க. நல்ல நேரம் போய்க்கிட்டு இருக்கு. அவிய அங்க மிஷினு முன்னால உக்காந்து எம்புட்டு நேரமாச்சு!"

"கரண்ட் இல்லையா?"

"எதுத்த வீட்டுல ஃபேன் ஓடுது. நம்ம வீட்டுலதான் இல்ல. பீஸ் போயிருச்சோ என்னவோ."

முன்னறையில் மீட்டர் பெட்டிக்குக் கீழே, சுவரோடு சுவராக என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். புதுச் சேலை, தலையில் பூ. முகம் மட்டும் வெளிறியிருந்தது. அத்தை அடுப்படிக்குத் திரும்பியதும், சேலைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்திருந்த கையை எடுத்து என் முன்னால் விரித்தாள். உள்ளங்கையில் வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டை. அவள் அழுத்திப் பிடித்திருந்ததில் அதன் விளிம்பு தோலில் பதிந்து சிவந்திருந்தது.

"நீங்க வார வரைக்கும்னு உருவி வச்சேன்" என்றாள். "அப்பா கேக்க மாட்டேன்னுட்டாவ."

எனக்கு அவளிடம் ஆயிரம் கேள்வி இருந்தது. ஆனால் அதற்குள் இன்னொன்று புரிந்துவிட்டது. மாமனார் சுவிட்சைப் போட்டுப் பார்த்திருப்பார். போட்டதை அணைத்திருக்க மாட்டார். யாராவது இந்தக் கட்டையை வாங்கிச் சொருகினால் அந்தக் கல் அவர் முகத்துக்கு முன்னால் அப்படியே கிளம்பும்.

"குடுக்காத. யாரு கேட்டாலும் குடுக்காத" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் ஓடினேன்.

நினைத்தபடியேதான் இருந்தது. சுவிட்ச் போட்டபடி இருந்தது. பட்டு வேட்டி, விபூதி, குங்குமம், கண்ணாடி இல்லாத முகம். நான் பாதி முடித்து வைத்திருந்த கத்தி ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து, கல்லின் முன்னால் ஸ்டூலில் தயாராக உட்கார்ந்திருந்தார். முதலில் சுவிட்சை அணைத்தேன். பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"வாங்க மாப்ளே! கரண்டப் போட்டாச்சா?"

"மாமா, செத்த எந்திரிங்க. இந்தக் கல்லுல அடி விழுந்திருக்கு. ஓட்டக் கூடாது."

"என்ன அடி? தேங்காதான?" என்று சிரித்தார். "கல்லு மாப்ளே, கல்லு! ஒரு தேங்காய்க்கு ஒடஞ்சிருமா?"

நான் மரக்கைப்பிடியை எடுத்து முதலில் வலப்பக்கத்துக் கல்லைத் தட்டினேன். ணங்கென்றது. இடப்பக்கத்தில், நார் ஒட்டியிருந்த கல்லைத் தட்டினேன். டொக். மறுபடி தட்டினேன். டொக்.  மாமனாருக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை.

"தேங்காத்தண்ணி குடிச்சிருக்குல்லா, அதான் மக்கலாக் கேக்கு" என்றார். பிறகு அவர் முகம் சற்று மாறியது. "மாப்ளே, நல்ல நாளும் பொழுதுமா, சாமிக்கு ஒடச்ச காயப் போயி அடி விழுந்துருச்சு, கெட்டுருச்சுன்னு சொல்லாதீக. சகுனம்லா அது."

அவருக்குக் கோபமில்லை. மனது நொந்துவிட்டது. என் மேல் உள்ள பிரியத்தில், என் தொழில் கருவி என்று நினைத்து, தன் கையால் அந்தக் கல்லுக்கு மரியாதை செய்திருக்கிறார். அதைப் போய் நான் குற்றம் சொல்கிறேன். மாமனாரை மாப்பிள்ளை அதட்டுகிற வழக்கமும் எங்கள் பக்கம் கிடையாது. அதட்ட எனக்குத் தைரியமும் கிடையாது. ஆனால் அவரை அங்கே உட்காரவிடவும் முடியாது. எனக்கு அழுகை முட்டியது. அதை மறைக்காமல் சொன்னேன்.

"மாமா, எனக்குப் பயமா இருக்கு. ஓட்டணும்னா ஓட்டுவோம். நல்ல நேரத்துலயே ஓட்டுவோம். ஆனா யாரும் இங்க இருக்கக் கூடாது. சுவிட்சப் போட்டு வச்சுட்டு எல்லாரும் வீட்டுக்குள்ள போயிருவோம். அங்க இருந்து கட்டையச் சொருகுவோம். எனக்காக மாமா."

 அவர் கத்தியை என் கையில் தராமல் முறைப்படி மேஜையில் வைத்துவிட்டு எழுந்தார்.

"பயந்த மனுசனுக்கு வாக்கப்பட்டிருக்கா எம் பிள்ள" என்றார். அந்த இரக்கம்தான் அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது.

ஸ்டூலை நகர்த்தாமல் விட்டுவிட்டு, சுவிட்சைப் போட்டேன். தகரக் கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினேன். எல்லாரும் வீட்டுக்குள் வந்தோம். அத்தை சூடம் ஏற்றித் தட்டோடு நின்றார். மாமனார் நடுக்கூடத்தில் நின்றுகொண்டு, பழைய பழக்கத்தில் கையை உயர்த்தி, "ரைட்! போலாம்!" என்றார். முன்னறையில் என் மனைவி கட்டையைச் சொருகினாள்.

பின்பக்கம் மிஷின் முனகியது. முனகல் உயர்ந்து இரைச்சலாகி, இரைச்சல் சீராகி நின்றது. ஒன்றும் ஆகவில்லை. சீராக ஓடிக்கொண்டிருந்தது. நான் மூச்சைப் பிடித்தபடி நின்றேன். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பாத்தீகளா? நாந்தான் சொன்னேம்லா!" மாமனார் முகமெல்லாம் சிரிப்பாகப் பின்வாசலைப் பார்த்து நடந்தார். "ரெண்டே இழுப்பு, இழுத்துட்டு வந்திருதேன்."

அவர் வாசற்படியைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து இடுப்போடு சேர்த்துக் கட்டிப்பிடித்தேன். மாமனாரை நான் தொட்டதே கிடையாது. அவர் திமிறினார், "விடுங்க மாப்ளே, என்ன இது" என்றார். நான் விடவில்லை. என் நெற்றி அவர் முதுகில் அழுந்தியிருந்தது.

அப்போது வெடித்தது.

பட்டாசு மாதிரி இல்லை. கனமான சத்தம், உடனே தகரத்தைக் கிழிக்கிற சத்தம், ஓட்டில் எங்கேயோ சடசடவென்று. பிறகு மோட்டார் நிலைகொள்ளாமல் மேஜையைக் கடகடவென்று உலுக்க ஆரம்பித்தது. "உருவு! உருவு!" என்று கத்தினேன். அவள் அதற்கு முன்பே உருவிவிட்டாள். எல்லாம் அடங்கியது. அத்தையின் தட்டில் சூடம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

தகரக் கதவின் நடுவில், எங்களைப் பார்த்துப் புடைத்து ஒரு கிழிசல் இருந்தது. கதவைத் திறந்தோம். இடப்பக்கத்துக் கல்லில் பாதிக்கு மேல் இல்லை. ஒரு துண்டு மேலே கூரை ஓட்டை உடைத்துக்கொண்டு போயிருந்தது. செவ்வந்திப் பூ ஷெட் முழுவதும் உதிர்ந்து கிடந்தது.

மாமனார் போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். மிஷினைப் பார்த்து உட்காராமல் கதவைப் பார்த்து உட்கார்ந்தார். கிழிசலையும் தன் நெற்றியையும் கையால் மட்டம் பார்த்தார். கை நேராகத்தான் போனது. இன்னொரு தடவை பார்த்தார்.

"எங்கிட்டதான் வந்திருக்கு" என்றார் மெதுவாக. பிறகு தண்ணீர் கேட்டார். 

அத்தை அழுதபடியே உப்பும் மிளகாயும் எடுத்து வந்து எங்கள் எல்லாரையும் நிற்கவைத்துச் சுற்றிப்போட்டார். அந்த நேரத்தில் சாமி முன்னால் தாம்பாளத்தில் ஏதோ ஒரு போன் அடித்தது. அன்றைக்கு யாரும் அதை எடுக்கப் போகவில்லை.

கொஞ்சம் கழித்து முன்னறைக்குப் போனேன். என் மனைவி மீட்டர் பெட்டிக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். கட்டை இன்னும் அவள் கையில்தான் இருந்தது. நான் வாங்கப் பார்த்தேன், விரல்கள் பிரியவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தேன்.

"உனக்கு எப்படித் தெரியும், கல்லுல விரிசல் விட்டிருக்கும்னு?" என்று கேட்டேன்.

"எனக்கு என்ன தெரியும்? ஒண்ணுந் தெரியாது. நேத்து அப்பா தேங்காய அடிக்கும்போது, நீங்க இருந்தா இப்பம் என்ன நெனைப்பீயன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. அம்புட்டுத்தான். வேண்டாம்பான்னு சொல்லிப் பாத்தேன். ஒம் புருசன் பயந்தாங்கொள்ளின்னு சிரிச்சாவ. அதுக்கு மேல பேசி ஒங்கள அவிய முன்னால விட்டுக்குடுக்க மனசில்ல. அதான் கரண்ட் இல்லன்னு சொன்னேன்."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஆனா நெனைக்க ஆரம்பிச்சது நிக்கவே மாட்டேங்கு" என்றாள். "படுத்தா தூக்கம் வரல. கல்லுல ஆரம்பிச்சு, அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை குடுத்தாச்சான்னு போயி, கேஸ மூடுனோமான்னு போயி, காலைல இந்த வழுக்குத ரோட்டுல நீங்க வண்டியில வருவீயளேன்னு போயி, ஒண்ணு போனா ஒண்ணு வந்து நெஞ்சு மேல ஏறி உக்காருது. விடியந்தண்டியும் அப்படியே கெடந்தேன்."

என் பக்கம் திரும்பினாள். கேலி இருக்கிறதா என்று அவள் முகத்தைத் தேடிப் பார்த்தேன். இல்லை.

"ஒரு ராத்திரிதாங்க நா பயந்தேன். இத வச்சுக்கிட்டு நீங்க எப்படிங்க தெனமும் இருக்கீய?"

கல்யாணமான நாளிலிருந்து யாராவது ஒருவர் இதைக் கேட்க மாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன். கேட்டால் என்னவெல்லாம் சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கூட வைத்திருந்தேன். கேட்டவள் கட்டையின் தடம் பதிந்த கையோடு என் முன்னால் உட்கார்ந்திருந்தபோது அதில் ஒன்றும் வாயில் வரவில்லை. இவளுக்கு இது ஒட்டிக்கொள்ளக் கூடாது என்கிற பயம்தான் வந்தது.

"நீ சிரிப்பேல்லா" என்றேன். "அதனாலதான் இருக்கேன்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். அன்றைக்கு அவளால் முடியவில்லை.